தண்ணீரில் வைத்த கை

போன வாரம் அக்காவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றபோது உங்களை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன். பாவம், ஒரு வாரமாக அவளுக்குக் கை வலித்திருக்கும். முதலில் அதை இறக்கி வைத்துவிடுகிறேன்.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக ஒரு வார்த்தை. அக்கா இந்த நகரத்தின் பழைய கல் ஆலயத்தில் போதகர். தாயில்லாத வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தம்பி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்!" என்று அலறி அலறி அவனுக்கு 'பிரேக் மாஸ்டர்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. பாதி நகரத்துக்கு அவன்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறான். அந்தத் தைரியத்தில் நகராட்சித் தேர்தலில் முதல் தடவையாக நிற்கிறான். கட்சி மேடையில் அவன் பெயரை அறிவிப்பதுதான் பாக்கி.

சாப்பாட்டு மேசையில் அவன் சொன்ன செய்திதான் கரண்டியை நிறுத்தியது. அவனுடைய குழந்தை குண்டுமணியின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நிற்கப்போவது கட்சித் தலைவர்!

ஞானத்தகப்பன் என்றால் சும்மா பரிசு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. குழந்தைக்குப் பேச்சு வராது, அதனால் அதற்காக ஆண்டவருக்குப் பதில் சொல்பவர் அவர். மற்ற சபைகளில் இந்தப் பதில்களைக் காகிதத்தைப் பார்த்துக் கூட்டமாக வாசித்து முடித்துவிடுவார்கள். இந்தக் கல் ஆலயத்தில் மட்டும் வேறு வழக்கம். கல்தொட்டியின் தண்ணீரில் வலது கையை வைத்துக்கொண்டு, காகிதம் இல்லாமல், தனியாகச் சொல்ல வேண்டும். போதகர் எடுத்துக்கொடுக்கக் கூடாது. பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

தலைவரைத் தடுக்க விதியில் இடமில்லை. அவரும் கைக்குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் பெற்றவர்தான். அதற்குப் பிறகு அவர் ஆலயப் பக்கம் வந்ததெல்லாம் கல்யாணங்களுக்கும் தேர்தல்களுக்கும்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு அவர் வரவில்லை. உதவியாளரை அனுப்பியிருந்தார்.

"தலைவருக்கு நேரமில்லைங்க. அவர் சார்பா நான் பழகிட்டுப் போறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பிசாசைக் கைவிடுவதற்கு ஆள் அனுப்பி ஒத்திகை பார்த்தவரை அவள் இதுவரை கேள்விப்பட்டதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கேள்விகளைச் சொன்னாள்.

முதல் கேள்வி, 'கடவுளை நம்புகிறீர்களா?' உதவியாளர் தலையாட்டினார். இரண்டாவது கேள்வி, 'பிசாசையும், வீண் பெருமையையும், அதிகாரத்தின் மேலுள்ள ஆசையையும் விட்டு விலகுகிறீர்களா?' இந்த இடத்தில் அவருக்கு இடித்தது.

"அம்மா, 'பிசாசு'ங்கறதை 'தீய சக்திகள்'னு மாத்திக்கலாமா? எதிர்க்கட்சியையும் ஒரு தட்டு தட்டின மாதிரி இருக்கும்."

"மாத்த முடியாதுங்க."

"சரி, அந்த அதிகார ஆசையாவது? தேர்தல் நேரம் பாருங்க, கேக்கறவங்க தப்பா எடுத்துக்குவாங்க."

"அதையும் மாத்த முடியாது. நான் எழுதின கேள்வி இல்ல இது. எனக்கு ரொம்ப முன்னாடியிருந்தே கேட்டுட்டு வர்றாங்க."

"ரெண்டுக்கும் 'ஆமா'ன்னுதானே பதில்? அப்போ கவலை இல்ல. தலைவர் 'ஆமா' ரொம்ப நல்லா சொல்வார்" என்று எழுந்து போனார் உதவியாளர்.

அன்றிரவு அக்கா சரியாகத் தூங்கவில்லை.

ஞாயிறு காலை அவள் வழக்கம்போல் தானே வாளியில் தண்ணீர் பிடித்து வந்து கல்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்த வேலையை மட்டும் அவள் யாரிடமும் கொடுப்பதில்லை. தம்பி உள்ளே வந்தான். வெளுத்துத் தேய்த்த சட்டை, கையில் செல்போன், முகத்தில் பல நாள் அலைச்சல்.

"அக்கா, இதைப் பாரேன்."

திரையில் ஒரு போஸ்டர். ஒரு பக்கம் ஆலயத்தின் கோபுரம், மறுபக்கம் கட்சிக் கொடி. நடுவில் ஒரு வெற்றுக் கட்டம். மேலே கொட்டை எழுத்தில், 'இறைவனும் நம் பக்கம்!'

"இந்தக் கட்டத்துல படம் வரும். தலைவர் குண்டுமணி தலையில கை வெச்சிருக்கற மாதிரி. அச்சடிக்கற வேனே வாசல்ல நிக்குது. மத்தியானத்துக்குள்ள நகரம் முழுக்க ஒட்டிடுவோம்."

"அவர்கிட்ட கேட்டியா?"

"தலைவர்தானே இதை ஓகே பண்ணினாரு?"

"நான் தலைவரைச் சொல்லல. இறைவனைச் சொன்னேன். அவர் உங்க பக்கம்னு போட்டிருக்கியே, ஒரு வார்த்தை கேட்டியான்னு கேட்டேன்."

தம்பி செல்போனைப் பைக்குள் போட்டான். "நல்லவங்க அரசியலுக்கு வரணும்னு பிரசங்கம் பண்ணினது நீதானே? இப்ப வந்து நிக்கறேன். கூடப் பொறந்தவளே குத்திக் காட்டினா எப்படி?"

"வரணும்னு சொன்னேன். இப்பவும் சொல்றேன். ஆலயத்தைத் தோள்ல தூக்கிட்டு வரணும்னு சொல்லலயே."

"இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"நீ ஜெயிச்சு உள்ள போறேன்னு வெச்சுக்கோ. நாளைக்கு ஏதாவது தப்பு பண்றே. உன்னை நிறுத்திக் கேக்கறதுக்கு ஓர் இடம் வேணும்டா. அந்த இடத்து மேலயே இன்னிக்கு உன் கொடியைப் போத்திட்டா, அப்புறம் யாரு கேப்பா?"

 அவன் தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டே, சின்னப் பையன் குரலில் கேட்டான். "எனக்காக ஜெபிக்கறியா, இல்லையா?"

"தினமும்."

"நான் ஜெயிக்கணும்னு?"

"நீ நல்லா இருக்கணும்னு. உன்னை எதிர்த்து நிக்கறாரே மரக்கடைக்காரர், அவருக்காகவும்தான்."

"அவருக்காகவுமா!" தம்பிக்குச் சுருக்கென்றது. "சரி விடு. எனக்காக ஒண்ணே ஒண்ணு செய். அந்த ரெண்டாவது கேள்வியை விட்டுடு. யாரும் கவனிக்க மாட்டாங்க. தலைவர் முகம் சுளிச்சார்னா என் பேரையே எடுத்துட்டு வேற ஆளை நிறுத்திடுவார். வீட்டுப் பத்திரத்தைத் தவிர எல்லாத்தையும் இதுல போட்டிருக்கேன்க்கா."

அவள் அவனையே பார்த்தாள். காய்ச்சலில் கிடந்தபோது அவளுடைய சேலை முனையைப் பிடித்துக்கொண்டே தூங்கியவன். 'சரிடா' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. நிஜமாகவே வந்தது. போதகர் என்றால் மனம் கல்லா என்ன?

"கேள்வி என்னோடது இல்ல, அதை நான் விட முடியாது. பதில் அவரோடது. அவர் என்ன சொன்னாலும் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அது போதும் என்று தம்பி நிம்மதியாகப் போனான். அக்காவுக்குத்தான் நிம்மதி போயிற்று. நம்பிக்கை இல்லாத மனிதர் தண்ணீரில் கை வைத்து 'ஆமாம்' என்பார். அதைக் கேட்டுக்கொண்டு அவள் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தப் பொய்யில் பாதி அவளுடையது.

ஆராதனைக்கு ஆலயம் நிரம்பி வழிந்தது. வழக்கமாகக் கடைசி வரிசைக்கு அடித்துக்கொள்பவர்கள்கூட அன்று முன் வரிசைக்கு முண்டியடித்தார்கள். மரக்கடைக்காரரும் குடும்பத்தோடு வந்து, எப்போதும் உட்காரும் தூணோரத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் மனைவி குண்டுமணியை மடியில் வைத்திருந்தாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், அளந்துதான் பேசுவாள். காலையிலிருந்து அவள் கணவனோடு பேசியது, "பால் பாட்டில் எங்க?" என்பது மட்டும்தான்.

தலைவர் வந்தார். சினிமா வருகை இல்லை. நெடிய உருவம், நரைத்த தலை, லேசாக விந்தி விந்தி நடை. ஆனாலும் அவர் நடக்க நடக்கப் பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள் எழுந்தார்கள். அவருக்கென்று போட்டிருந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். பத்திரிகைப் புகைப்படக்காரர் பக்கவாட்டில் மண்டியிட்டுக் கேமராவைத் தயார் செய்தார்.

நேரம் வந்தது. தம்பி, மனைவி, குழந்தை, தலைவர் எல்லோரும் கல்தொட்டியைச் சுற்றி நின்றார்கள். மேல் ஜன்னலிலிருந்து வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்து, கூரையின் அடியில் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது.

"வலது கையைத் தண்ணீரில் வையுங்கள்" என்றாள் அக்கா.

தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை வைத்தார். கேமரா ஒருமுறை சொடுக்கியது. அந்த நேரம் பார்த்து, தாயின் தோளில் இருந்த குண்டுமணி எட்டிப் பார்த்தாள். பளபளக்கிற தண்ணீரைக் கண்டதும் தானும் கையை உள்ளே விட்டு, அங்கே கிடைத்த தலைவரின் விரலைப் பிடித்துக்கொண்டாள். ஆலயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். இதைவிட நல்ல படம் கிடைக்காது என்று தம்பியின் முகத்தில் எழுதியிருந்தது.

அக்கா கேட்டாள். "கடவுளை நம்புகிறீர்களா?"

தலைவர் வாயைத் திறந்தார்.

பதில் வரவில்லை.

மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று உதவியாளர் பெஞ்சிலிருந்து பதறி, 'ஆமாம், ஆமாம்' என்று வாயசைத்தார். தலைவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்தார். தன் விரலைப் பிடித்திருந்த அந்தக் குட்டிக் கையைப் பார்த்தார். அக்கா காத்திருந்தாள். யாரோ இருமினார்கள். அதற்குப் பிறகு இருமலும் நின்றது.

"அம்மா..." என்றார் தலைவர். மேடையில் இடி இடிக்கிற குரல் அது. இப்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்டது. பிறகு அவரே நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"மேடையில நான் என்ன வேணா சொல்வேன்மா. அது எனக்கும் தெரியும், கேக்கறவங்களுக்கும் தெரியும். நேத்து வரைக்கும் இதுவும் ஒரு மேடைன்னுதான் நினைச்சேன். இங்க வந்து நின்னா... யாரு என்னைக் கேக்கறாங்கன்னு தெரியல. நீங்க கேக்கற மாதிரி இல்ல. பொய் சொல்ல வாய் வரல."

தலைவர் மறுபடி தண்ணீரைப் பார்த்தார்.

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா. எங்கம்மா இருந்தவரைக்கும் ஏதோ இருந்துச்சு. அவங்களோட போயிடுச்சு. இருக்குன்னு சொல்லி இந்தப் புள்ள தலையில கை வெச்சா அது திருட்டு."

குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் விடுவித்தார். தம்பியின் மனைவி நீட்டிய துண்டை வாங்கவில்லை. கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, மெத்தை நாற்காலியைத் தாண்டி நடந்து போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் அவருக்காக எழுந்து நிற்கவில்லை. எழுந்து நிற்க வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. புகைப்படக்காரர் கேமராவை எப்போது மடியில் இறக்கி வைத்தார் என்பது அவருக்கே தெரியாது.

அக்கா கடைசிப் பெஞ்சையே பார்த்தாள். எத்தனை குழந்தைகள், எத்தனை ஞானத்தகப்பன்கள்! கேள்வி முடியும் முன்பே 'நம்புகிறேன், நம்புகிறேன்' என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டவர்கள்தான் எல்லோரும். நம்பாத ஒரு மனிதர்தான் அந்தக் கேள்விக்கு இத்தனை பயந்தார். அவர் 'இல்லை' என்று சொன்ன நிமிடத்தில், தான் வருஷக்கணக்காகப் பிரசங்கித்த கடவுள் இங்கேயே நிற்கிறார் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாக்குச் சாவடிக்கும் கொடிக்கும் போஸ்டருக்கும் அடங்காத ஏதோ ஒன்று அந்தச் சின்னத் தொட்டிக்குள் இருந்தது. அடுத்த வரி என்ன என்பதே அவளுக்கு மறந்துபோனது.

மறக்காதவள் ஒருத்தி இருந்தாள்.

"அண்ணி" என்றாள் தம்பியின் மனைவி. "ஞானத்தகப்பன் இல்லன்னா, பெத்தவங்கள்ல ஒருத்தர் பதில் சொல்லலாம்ல?"

"சொல்லலாம்."

அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க."

"நானா?" தம்பிக்கு வியர்த்துவிட்டது. "நீ சொல்லேன்."

"நான் சொல்வேன். ஆனா நீங்க சொல்லணும். இவளுக்கு அப்பா நீங்கதானே? போஸ்டருக்கு மட்டும்தான் அப்பாவா?"

தம்பி ஒருமுறை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். அவனிடம் கார் ஓட்டப் பழகியவர்கள், அவனுக்கு ஓட்டுப் போடப்போகிறவர்கள், போடப்போகாதவர்கள், தூணோரத்தில் மரக்கடைக்காரர், கடைசிப் பெஞ்சில் தலைகுனிந்த தலைவர். பிறகு கையைத் தண்ணீரில் வைத்தான். சட்டைக் கையை மடிக்க மறந்துவிட்டான்.

"கடவுளை நம்புகிறீர்களா?"

அவனை அக்கா 'நீங்கள்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அது அவனை என்னவோ செய்தது.

"நம்புகிறேன்." அதில் பொய்யில்லை. அக்காவுக்கே தெரியும்.

"பிசாசையும், வீண் பெருமையையும், அதிகாரத்தின் மேலுள்ள ஆசையையும் விட்டு விலகுகிறீர்களா?"

காலையில் அவன் விட்டுவிடச் சொன்ன அதே கேள்வி, சுற்றிக்கொண்டு வந்து அவன் முன்னாலேயே நின்றது. 'ஆமாம்' என்பது ஒரு நொடி வேலை. இதற்கு முன்னால் தலைவர் அங்கே நின்றிருக்காவிட்டால் அந்த நொடியில் சொல்லியும் இருப்பான். இப்போது முடியவில்லை. அக்கா காத்திருந்தாள். எடுத்துக்கொடுக்கக் கூடாது. அவனுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தபோது கையை விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. 

"விலகலக்கா" என்றான் தம்பி. சடங்கின் மொழியெல்லாம் போய்விட்டது. "இன்னும் விலகல. ஜெயிக்கணும்னு வெறியா இருக்கு. இந்த இடத்தைக்கூட அதுக்குத்தான் எடுத்துக்கப் பார்த்தேன். விலகணும்னு ஆசை இருக்கு. அவர்தான் உதவி பண்ணணும்."

அவன் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக் கை இல்லை. ஒரு கை தண்ணீரில், மறு கை குழந்தையின் முதுகில்.

அந்த வழக்கத்தில் அப்படி ஒரு பதில் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. மறுபேச்சுப் பேச மாட்டேன் என்று காலையில் வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா, அக்காவும் பேசவில்லை. குழந்தையை வாங்கி, கையில் தண்ணீர் அள்ளி, பெயர் சொல்லி மூன்று முறை ஊற்றினாள். நமக்கு அவள் எப்போதும் குண்டுமணிதான். அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் ஒரு தும்மல் போட்டுவிட்டு, கூரையில் அசைகிற வெளிச்சத்தை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு ஆரம்பித்தது. தூணோரத்தில் மரக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வாசலில் வேறு உலகம் காத்திருந்தது. வெயில், கொடி, ஒலிபெருக்கி, அச்சு வேன். உதவியாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

"மாஸ்டர், வெளியவாவது ஒரு படம்! கையைத் தூக்குங்க! ஜெயிக்கற மாதிரி!" என்று ஆட்கள் கத்தினார்கள்.

பழக்கத்தில் தம்பியின் கை பாதிவரை எழுந்தது. மடிக்காத சட்டைக் கை தொப்பலாக நனைந்து மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். கையை இறக்கிக் குழந்தையின் தலையில் வைத்துக்கொண்டான்.

தலைவர் கார்க் கதவருகே நின்றிருந்தார். தம்பி குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு நேராக அவரிடம் போனான்.

"ஐயா, அந்த போஸ்டர் வேண்டாங்க."

தலைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் உள்ள பேசினது எனக்கும் அங்க இருந்தவருக்கும். கட்சி வேற. அதை மறந்துடாதே."

"மறக்கலைங்க. ஆனா நான் சொன்னதையும் அவர் கேட்டிருக்காரே."

தலைவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "ஏறு" என்றார். "சாயங்காலக் கூட்டத்துல மேடையில யாரை வேட்பாளர்னு அறிவிக்கறதுன்னு போற வழியில பேசிக்கலாம்."

கதவு சாத்திக்கொண்டது. கார் நகர்ந்தது. வேன்காரர் உதவியாளரைப் பார்த்தார். உதவியாளர் போகிற காரைப் பார்த்தார். போஸ்டரை ஒட்டு என்றும் யாரும் சொல்லவில்லை, ஒட்டாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

உள்ளே அக்கா தனியாக இருந்தாள். ஞானஸ்நானம் முடிந்ததும் தொட்டித் தண்ணீரை மொண்டு செடிகளுக்கு ஊற்றுவது அவள் வழக்கம். வாளியை எடுத்தவள் நின்றாள். நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அது குண்டுமணிக்காகவா, தம்பிக்காகவா? இல்லை, காலையில் தான் சொன்னதே சரியென்று ஆகிவிட்டதற்காகவா? மூன்றாவதுதான் என்று தெரிந்தபோது அவளுக்கு முகம் சுட்டது.

கதவருகில் தம்பியின் மனைவி குழந்தையோடு வந்து நின்றாள்.

"அண்ணி, அவர் கார்ல போயிட்டார். இன்னிக்கு ராத்திரி வேட்பாளரா வருவாரா, வெறும் பிரேக் மாஸ்டரா வருவாரான்னு தெரியல." குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "ரெண்டுல எப்படி வந்தாலும் இன்னிக்கு அவருக்குச் சாப்பாடு நான்தான் ஊட்டப் போறேன்."

அக்கா தலையாட்டினாள். பிறகு அங்கியின் கையை ஒதுக்கிக்கொண்டு, தன் வலது கையைத் தண்ணீரில் வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"வீண் பெருமைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றாள் அக்கா. "அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லல இன்னும்."

வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் திரும்பியது என்று அவள் எட்டிப் பார்க்கவில்லை. கை தண்ணீரிலேயே இருந்தது.